பண்ணைப்புரம் தந்த இசைஞானி: ஒரு கல்வியின் வரலாறு

முன்னுரை

நாட்டின் வரலாறு பெரும்பாலும் எழுத்தறிந்தவர்களால், எழுத்தறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. நிலம் பெற்றவர், தானம் பெற்றவர், பட்டம் பெற்றவர் ஆகியோரின் பெயர்கள் கல்லிலும் செப்பேட்டிலும் நிலைபெற்றன. நம் முன்னோர் வாழ்ந்த சேரிகளும் சில கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் நிலத்தைக் கணக்கிடும்போது கழித்துக்காட்ட வேண்டிய இடமாகவே குறிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த மனிதர் யார், அவர் என்ன பாடினார், எதற்காக அழுதார் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அந்த மக்கள் தம் வரலாற்றைக் கல்லில் வெட்டவில்லை. நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் தொட்டிலடியிலும் பாட்டாக வைத்துச் சென்றனர்.

அவ்வாறு வைத்துச் செல்லப்பட்ட பாட்டைக் கையிலெடுத்து, அதை உலகம் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதிக் காட்டிய ஒருவர் நம் பழைய மதுரை மாவட்டத்தில் பிறந்தார். அவரே இசைஞானி இளையராஜா. அவருடைய பாடல்களை அறியாதார் தமிழகத்தில் இலர். ஆதலால் அவருடைய திரைப்பாடல்களின் இனிமையைப் பாராட்டுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவர் எவ்வாறு கற்றார், யாரிடம் கற்றார், கற்றதனால் அவருடைய நிலை எவ்வாறு மாறியது என்பதை நம் சங்கத்து இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இதன் நோக்கம். கல்விக்காகவே தோன்றிய ஒரு சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஒரு மாபெரும் கலைஞரின் வாழ்வைக் கல்வியின் வரலாறாகப் படிப்பது பொருத்தமுடையதே.

மண்ணும் காலமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். 1990-களில் தேனி மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைக்கு மேலே ஏலமும் தேயிலையும். மலைக்குக் கீழே நெல்லும் சோளமும் கடலையும். மேலேயும் கீழேயும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலமில்லாத மக்கள். இவ்வூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடும்பமொன்றில், டேனியல் இராமசாமி – சின்னத்தாயம்மாள் இணையருக்கு மகனாக 1943 சூன் திங்களில் இளையராஜா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஞானதேசிகன். பள்ளியில் வழங்கிய பெயர் இராசையா.

அந்தக் காலத்தை இன்றைய இளைஞர் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1939 சூலை 8 அன்றுதான் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட நம் மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாக நுழைந்தனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே நம் இசைஞானி பிறக்கிறார். கோயிலுக்குள் நுழையவே சட்டத்தின் காவல் தேவைப்பட்ட மக்களுக்குக் கோயிலை ஒட்டி வளர்ந்த செவ்விசையைக் கற்றுத்தர யார் முன்வந்திருப்பார்? சங்கீதம் என்பது பிறருக்குரியது என்றும், பறையும் பாட்டும் ஊழியம் என்றும் ஊர் வகுத்து வைத்திருந்தது. இசை நம்மிடம் குறைவாக இருந்ததில்லை. இசைக்கு உரிய மரியாதைதான் நமக்கு மறுக்கப்பட்டது.

முதற்பள்ளி: தாயின் பாட்டு

இளையராஜாவின் முதல் ஆசிரியர் அவருடைய அன்னை சின்னத்தாயம்மாள் ஆவார். பள்ளி சென்று படித்த அம்மையார் அல்லர். ஆனால் நாட்டுப்புறப் பாடல்கள் அவரிடம் நிறைந்திருந்தன. நாட்டுப்புற இசையை அன்னையிடமிருந்தே பெற்றதாக இளையராஜா பல இடங்களில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

இதனை ஒரு பள்ளி என்று நான் சொல்வது மிகையன்று. நடவுப் பாட்டுக்கு ஒரு தாளம் உண்டு. அது குனிந்து நிமிரும் உடலின் அசைவோடு பொருந்த வேண்டும். தாலாட்டுக்கு ஒரு நடை உண்டு. அது தொட்டில் சென்று திரும்பும் கால அளவோடு ஒத்திருக்க வேண்டும். ஒப்பாரியில் குரல் எங்கே உடைய வேண்டும், எங்கே நீள வேண்டும் என்பதற்கும் வழிவழி வந்த ஒழுங்கு உண்டு. இவற்றைக் காதாலேயே கற்ற ஒரு சிறுவன், தாளத்தையும் சுருதியையும் உணர்ச்சியையும் ஒருசேரக் கற்றவனாகிறான். நம் வீட்டுப் பெண்கள் பாடியவை இசைப்பாடங்கள் என்பதை நாமே உணராதிருந்தோம் என்பதுதான் வருந்தத்தக்கது.

ஏட்டுக் கல்வி அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. வறுமை காரணமாக உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க இயலாமற் போயிற்று. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பணியிடத்தில் அவர் நாட்கூலிக்கு வேலை பார்த்தவர். மதுரையின் வயல்களுக்கு நீர் தரும் அந்த அணையில், பின்னாளில் தமிழகத்தின் செவிகளுக்கெல்லாம் இசை தந்தவரின் வியர்வையும் கலந்திருக்கிறது என்பதை அதைக் காணச் செல்லும் நம் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் பள்ளி: பாவலர் வரதராசனின் மேடை

இளையராஜாவின் மூத்த சகோதரர் பாவலர் வரதராசன் இந்த வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கவர். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்ட அவர், தாமே பாட்டெழுதி, தாமே ஆர்மோனியம் வாசித்து, ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடியவர். மக்களுக்குப் பழக்கமான நாட்டுப்புற மெட்டுகளிலும் திரைப்பட மெட்டுகளிலும் கூலி உயர்வையும் நில உரிமையையும் அரசியலையும் சொற்களாக்கிப் பாடுவது அவருடைய முறை.

1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. அங்கே வாக்களிக்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து சென்று தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள். பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளராக நின்ற ரோசம்மா புன்னூசுக்கு ஆதரவாகப் பாவலர் வரதராசன் அத்தோட்டங்களில் பாடினார். ரோசம்மா வெற்றி பெற்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்குண்டு என்று அந்நாளைய முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு பாராட்டியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஏறத்தாழ அக்காலத்தில்தான், பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவராக இளையராஜா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகிய தம்பியர் மூவரும் அண்ணனோடு இணைந்தமையால் அக்குழு ‘பாவலர் சகோதரர்கள்’ எனப் பெயர் பெற்றது. இவர்களுள் அமர்சிங்கே பின்னாளில் கங்கை அமரன் என அறியப்பட்டவர். தொடக்கத்தில் இராசையாவின் இளங்குரல் பெண்குரலுக்கு உரிய பகுதிகளைப் பாடப் பயன்பட்டது. வயது ஏறிக் குரல் உடைந்தபோது அந்த வாய்ப்பு நின்றது. ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்று அண்ணன் தடை விதித்திருந்தார். அண்ணன் இல்லாத நேரங்களில் மறைந்து மறைந்து பழகியே அவர் அதில் தேர்ச்சி பெற்றார். தடைக்கு அஞ்சி விட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

சுமார் பத்து ஆண்டுக் காலம் அவர் இம்மேடைகளில் பயின்றார். இதன் பெருமையை நாம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை என்பது என் கருத்து. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் சமத்துவம் கேட்டமைக்காகக் கொலையுண்டார். முதுகுளத்தூர்ப் பகுதி பற்றி எரிந்த காலம் அது. பொது இடத்தில் தோளில் துண்டு அணிவதே குற்றமாகக் கருதப்பட்ட ஊர்கள் நம் சமவெளியில் பல இருந்தன. அக்காலத்தில், நம்மவர் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சகோதரர்கள் ஊர்ப் பொதுமேடையில் நாற்காலியிட்டு அமர்ந்து, ஒலிபெருக்கியின் முன் பாட, ஊரார் அனைவரும் கீழே அமர்ந்து கேட்டனர். சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாய ஊழியமாக இசைத்த நிலை மாறி, கொள்கைக்காகப் பாடும் கலைஞனாக நிற்கும் நிலையைப் பாவலர் அமைத்துக்கொடுத்தார். அவர் தம் தம்பியின் பெரும்புகழைக் காணாமலே, ‘அன்னக்கிளி’ வெளிவருவதற்கு முன்னரே மறைந்தார். எனினும் பண்ணைப்புரத்து வீட்டில் முதல் கதவைத் திறந்தவர் அவரே.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இவ்விடத்தில் உலக வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமை கூறுதல் பயன் தரும். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தோர் பருத்தித் தோட்டங்களில் குத்தகைக் கூலிகளாக உழைத்தனர். அவர்களுடைய வயற்பாட்டிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘புளூஸ்’ என்னும் இசை தோன்றியது. துயரத்தைத் துயரமாகவே பாடி, அதனைப் பாடுவதாலேயே அதற்கு அடிபணியாதிருப்பது அவ்விசையின் இயல்பு. அதன் துணைக்கருவி கித்தார்.

அவ்விசையின் மூத்த கலைஞர்களுள் ஒருவர் மடி வாட்டர்ஸ். ஸ்டோவால் என்னும் தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்த அவருடைய பாட்டை, 1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் குழுவினர் ஒலிப்பதிவு செய்தனர். தம் குரலைத் தாமே கேட்ட பின்னரே தாமும் ஒரு கலைஞர் என்னும் நம்பிக்கை அவருக்கு உறுதிப்பட்டது. 1943-இல் அவர் தோட்டத்தை விட்டுச் சிகாகோ நகருக்குச் சென்றார். அங்கே மின்கித்தாரைக் கையிலெடுத்து, வயற்பாட்டை நகரத்தின் இசையாக மாற்றினார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேய இசைக்குழுவான ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ தன் பெயரையே அவருடைய பாடலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அவர் 1983-இல் மறைந்தார். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த பி.பி. கிங் என்னும் கித்தார் கலைஞரும் இதே போலப் பருத்தி வயலிலிருந்து வந்தவரே.

மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு இரயிலேறிய அதே 1943-ஆம் ஆண்டில்தான் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தார். நிலமற்ற உழைப்பாளர் குடும்பம், வயற்பாட்டு, நகரம் நோக்கிய பயணம், கையில் கித்தார் என்னும் நான்கும் இருவருக்கும் பொதுவாக அமைந்தன. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. மிசிசிப்பிக் கலைஞர்களிற் பலர் காதால் கற்றுக் கையால் வாசித்தனர். அவர்களின் இசையைப் பிறர் பதிவு செய்தனர், அதனால் வந்த பணத்திலும் பெரும்பகுதியைப் பிறரே அடைந்தனர். பண்ணைப்புரத்து இளைஞரோ தம் இசையைத் தாமே எழுதும் ஆற்றலைத் தேடிச் சென்றார்.

மூன்றாம் பள்ளி: தன்ராஜ் மாஸ்டரின் அறை

1960-களின் இறுதியில் இளையராஜா தம் சகோதரர்களோடு சென்னைக்குப் புறப்பட்டார். வழிச்செலவுக்கு வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அன்னை முழுவதுமாகத் தம் கையில் கொடுத்தார் என்பதை அவர் மேடைகளில் நெகிழ்ச்சியோடு கூறியிருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே இசைப்பெட்டியை இசைக்காக விற்ற அந்தத் தாயைப் போன்றோர் நம் தெருக்களிலும் உண்டு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் காதுத் தோட்டைக் கழற்றித் தந்த தாய்மாரை நம் சங்கத்தார் நன்கு அறிவர்.

சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசான் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு விடுதியறையில் தங்கி, மேனாட்டு இசையைக் கற்பித்து வந்தவர் அவர். பியானோவும் கித்தாரும் அவரிடம் பயின்றார் இளையராஜா. ‘ராஜா’ என்று பெயரைச் சுருக்கி அழைத்தவரும் அவரே. வாசிக்கக் கற்பித்ததோடு நில்லாமல், ஐந்து கோடுகளின் மேல் எழுதப்படும் மேனாட்டு இசைக் குறியீட்டைப் படிக்கவும் எழுதவும் கற்பித்ததே அவ்வாசான் செய்த பேருதவி. பாக், பேத்தோவன் போன்ற ஐரோப்பிய மேதைகளின் படைப்புகள் இவ்வாறு அவருக்கு அறிமுகமாயின. ஒரே நேரத்தில் பல குரல்கள் வெவ்வேறாக நடந்தும் ஒன்றோடொன்று முரணாமல் இயையும் கலையை அவற்றிலிருந்து அவர் கற்றார். பின்னர் இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்வை அஞ்சல் வழியே எழுதித் தங்கப் பதக்கத்தோடு தேறினார். கருநாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். உயர்நிலைப் பள்ளியை முடிக்க முடியாத அந்த இளைஞர், இருபது வயதுக்கு மேல் மீண்டும் மாணவராக அமர்ந்தார் என்பதை நம் இளைஞர் மனத்தில் பதிக்க வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்த தொழில் கித்தார் வாசிப்பது. ஒலிப்பதிவுக் கூடங்களில் கித்தாரும் ஆர்கனும் வாசித்தார். சலீல் சௌத்ரி தென்னகத்தில் இசையமைத்தபோது அவருக்கும் கித்தார் வாசித்தார். கன்னடத் திரையுலகில் சிறந்து விளங்கிய ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். இசையமைப்பாளர் மெட்டமைக்க, அதனை ஒவ்வொரு கருவிக்கும் பிரித்து எழுதித் தருவது உதவியாளரின் பணி. பிறருக்காக எழுதி எழுதியே அவருடைய கை தேறியது.

‘அன்னக்கிளி’யும் அதன் பின்னும்

எழுத்தாளரும் படத்தயாரிப்பாளருமான பஞ்சு அருணாசலம் அவருக்கு முதல் வாய்ப்பை அளித்து, ‘ராஜா’வுக்கு முன் ‘இளைய’ என்னும் அடையையும் சேர்த்தார். முதற்பாடலின் ஒலிப்பதிவின்போது மின்சாரம் நின்றுபோயிற்று. அங்கிருந்தோரிற் சிலர் அதனைத் தீய சகுனம் என்றனர். சகுனம் பொய்த்தது. தேவராஜ் – மோகன் இயக்கிய ‘அன்னக்கிளி’ 1976 மே திங்களில் வெளிவந்து, சின்னத்தாயம்மாளின் வயற்பாட்டு மரபைத் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்தது. இந்தித் திரைப்பாடல்கள் இங்கே பெரிதும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் ஊர் மெட்டு மீண்டும் தேநீர்க் கடைகளுக்கும் திருமணப் பந்தல்களுக்கும் திரும்பி வந்தது.

மறு ஆண்டு, தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வெளிவந்தது. 1980-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ இளையராஜாவின் நூறாவது படம். நான்காண்டுகளுக்குச் சற்று மிகுந்த காலத்தில் நூறு படங்கள் என்பது வியப்பூட்டும் உழைப்பு. அந்த நூறாவது படத்தில் கதைத்தலைவன் கித்தார் மீட்டிப் பாடும் பாடல் இன்றளவும் கித்தார் பழகும் இளைஞர் பலர் முதலில் வாசிக்க விரும்பும் பாடலாக உள்ளது. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்திலும் கித்தாரின் ஆட்சியைக் காணலாம். பாடகரின் குரலுக்குக் கீழே கித்தார் தனி வழியில் நடந்து, அந்தக் குரலோடு உரையாடுவதைக் கூர்ந்து கேட்போர் உணர்வர்.

நாட்டுப்புறக் கலைக்கு அவர் செய்த பணியையும் தனியே குறிப்பிட வேண்டும். 1985-இல் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வந்தது. எளிய மக்களுக்குப் புரியாத மொழியில் பாடும் வித்துவானை ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்பதும், கீர்த்தனைக்கு நிகராக நாட்டுப்பாட்டு ஒலிப்பதும் அப்படத்தின் உயிர்நிலை. அப்படத்துக்காக இளையராஜாவுக்கும், பாடிய கே.எஸ். சித்ராவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. 1989-இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. கரகமும் தவிலும் நாயனமும் பற்றிய ஒரு படத்தை மதுரை மக்கள் அத்தனை நாள் விடாமற் பார்த்தனர் என்றால், அவர்கள் தம்மையே திரையில் கண்டனர் என்பதே காரணமாகும். அவருடைய ஆயிரமாவது படமாக அறிவிக்கப்பட்டு 2016-இல் வெளிவந்த ‘தாரை தப்பட்டை’யும் கரகாட்டக் குழுவின் கதையே, அதன் பின்னணி இசையும் தேசிய விருது பெற்றது.

எழுத்தின் வலிமை

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். இளையராஜா இசையமைக்கும் முறை மற்றவர்களை வியக்கச் செய்தது. காட்சியைக் கேட்டறிந்தபின், வயலினுக்கு இது, புல்லாங்குழலுக்கு இது, கித்தாருக்கு இது, தாளக் கருவிகளுக்கு இது என முழு இசையையும் தாமே தாளில் எழுதிவிடுவார். கலைஞர்கள் தத்தம் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு அமர்வர். எழுதியதை எழுதியவாறு வாசித்தால் பாடல் உருப்பெறும். மற்றொருவர் எழுதித் தரக் காத்திருக்கும் நிலை அவருக்கு இல்லை.

இதன் பொருள் என்ன? செவிவழி மட்டும் வரும் கலை மிக உயர்ந்ததாயினும், அதற்குரியவன் கண் முன்னே அது பிறர் கைக்குப் போய்விடக்கூடும். எழுதப்பட்ட கலைக்கு ஆசிரியன் உண்டு, கையொப்பம் உண்டு, உரிமை உண்டு. பத்திரம் படிக்கத் தெரியாத நம் பாட்டனார், கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தார். பாட்டு எழுதத் தெரியாத நம் பாட்டிமாரின் மெட்டுகளோ ஊர் பேரின்றி யார் யாருடைய பெயரிலோ உலவின. எழுத்தறிவு இவ்விரண்டு இழப்புக்கும் ஒருசேர மருந்தாகிறது. பிற்காலத்தில் தம் பாடல்களின் பதிப்புரிமைக்காக இளையராஜா நீதிமன்றங்கள் வரை சென்று வாதாடியதைச் சிலர் குறை கூறினர். எல்லா வழக்குகளிலும் அவர் பக்கமே நியாயம் என்று நான் கூற வரவில்லை. அதனை நீதிமன்றங்கள் முடிவு செய்யும். ஆயினும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுச் செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவர், ‘இது என் படைப்பு’ என்று எழுந்து நின்றதை வரலாறு படிப்போர் சிறிதாகக் கருதுதல் கூடாது.

எழுத்தே அவரைத் திரைப்படத்துக்கு அப்பாலும் அழைத்துச் சென்றது. 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 1988-இல் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவுடன் ‘நத்திங் பட் விண்ட்’ வெளிவந்தது. 1993-இல் இலண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிவு செய்தது. எனினும் அது வெளியிடப்படவில்லை. 2005-இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் இசைக்குழுவைக் கொண்டு இசைத்தார். 2025 மார்ச் 8 அன்று, தம் 81-ஆம் வயதில், ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனியை இலண்டன் அரங்கில் நேரடியாக நிகழச் செய்தார். தமிழ் ஒரு சொல்லும் அறியாத இசைக்கலைஞர்கள், பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய தாளைப் பார்த்து, ஒரு சுரமும் பிசகாமல் வாசித்தனர். எழுத்தின் வலிமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஐந்து முறை தேசிய விருது, 2010-இல் பத்ம பூஷண், 2018-இல் பத்ம விபூஷண், 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என அவர் பெற்ற சிறப்புகள் பல. கலைஞர் மு. கருணாநிதி வழங்கிய ‘இசைஞானி’ என்னும் பட்டமே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

உரிமை கொண்டாடுதலும் கற்றுக்கொள்ளுதலும்

இளையராஜா தம்மை எந்தச் சாதியின் அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேசப்படுவதை விரும்பாதவர். இசைக்குச் சாதியில்லை என்பது அவர் நிலை. 2022-இல் அண்ணல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிடும் நூலொன்றுக்கு அவர் எழுதிய முன்னுரை பெரும் விவாதத்தை எழுப்பியதையும் அறிவோம். நம்மவருள் பலர் அன்று மனம் வருந்தினர், சிலர் கடுஞ்சொல்லும் கூறினர். ‘அவர் நம்மை உரிமை கொண்டாடாதபோது நாம் ஏன் அவரை உரிமை கொண்டாட வேண்டும்?’ என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. அதற்கு என் விடை இது: உரிமை கொண்டாடுதல் வேறு, கற்றுக்கொள்ளுதல் வேறு. ஒருவர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய உரிமை. பிறர் இட்ட பெயரைச் சுமந்து நூற்றாண்டுகள் துன்புற்ற நாம், அந்த உரிமையை யாருக்கும் மறுத்தல் ஆகாது. அவருடைய அரசியற் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் நம் உரிமை. ஆனால் அவர் கற்ற வழி எல்லார்க்கும் பொதுவுடைமை. அதனைக் கற்க யாருடைய இசைவும் வேண்டுவதில்லை.

மேலும், வழி ஒன்று மட்டும் அன்று. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் 1955-இல் பிறந்த முனைவர் கே.ஏ. குணசேகரன், இதே நாட்டுப்புற இசையைக் கையிலெடுத்து, ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்காக வெளிப்படையாகப் பாடினார். பேராசிரியராக உயர்ந்து, ‘வடு’ என்னும் தன்வரலாற்றையும் எழுதி, 2016-இல் மறைந்தார். மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், ஊழியத்தின் சின்னமாக இழிவுபடுத்தப்பட்ட பறையையே விடாது பற்றி, இளைஞர் பலருக்குக் கற்பித்து, 2025-இல் பத்மஸ்ரீ விருதுக்குரியவரானார். ஒருவர் இசையைச் சாதிக்கு அப்பால் கொண்டு சென்றார். ஒருவர் இசையைக் கொண்டு சாதியை எதிர்த்தார். ஒருவர் இழிவென்று சொல்லப்பட்ட கருவியையே பெருமையாக்கினார். மூவரும் இதே வானம் பார்த்த மண்ணில் தோன்றியவர்கள். மூவரும் நமக்கு வேண்டியவர்கள்.

முடிவுரை

இளைஞர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று எனக் கருதுகிறேன்.

முதலாவது, வீட்டில் உள்ள செல்வத்தை அறிதல். நம் மூதாட்டியர் பாடும் பாடல்கள் அவர்களோடு மறைந்துவிடாதபடி, இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் தவறாது குறியுங்கள். மிசிசிப்பியில் அதனைச் செய்ய நூலகத்தார் வந்தனர். நம் தெருவுக்கு யாரும் வரும்வரை காத்திருத்தல் வேண்டா.

இரண்டாவது, கல்விக்கு வயது இல்லை என்பதை உணர்தல். பள்ளியை இடையில் விட்டவர்கள் நம்முள் இன்னும் பலர் உள்ளனர். இருபது வயதுக்கு மேல் ஓர் ஆசானைத் தேடிச்சென்று அடியிலிருந்து தொடங்கிய அந்தக் கித்தார்க் கலைஞரை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். தேர்வில் தவறியது முடிவன்று. மீண்டும் எழுதாதிருப்பதே முடிவு.

மூன்றாவது, குடும்பத்தில் முதலில் மேடையேறியவர் பின்வருவோர்க்குப் படியாதல். பாவலர் இல்லையேல் இளையராஜா இல்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று அலுவலில் அமர்ந்துள்ள நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், தம் தெருவில் ஒரு பிள்ளையின் படிப்புக்கேனும் பொறுப்பேற்றால், இச்சங்கத்தின் பொன் விழா மலரை நிரப்ப நம் பிள்ளைகளின் வரலாறுகளே போதுமானவையாகும்.

வயலில் பாடிய தாயின் பாட்டை ஐந்து கோடுகளின் மேல் எழுதிய மகனை இம்மண் தந்தது. பாடல்கள் இன்னும் நம் வீடுகளில் உள்ளன. எழுதும் கைகளை உருவாக்குவதே நம் சங்கத்தின் வேலை.